விளக்கம்: ஒரே வெயில், இரு வேறு கடல்கள் – மிதவை உயிரிகள் எங்கு பெருகும் என்பதைத் தீர்மானிப்பது எது?

புதுடெல்லி: இந்தியத் தீபகற்பத்தின் இருபுறமும் அமைந்துள்ள அரபிக்கடலும் வங்காள விரிகுடாவும் ஏறத்தாழ ஒரே அட்சரேகைகளில் உள்ளவை. இரண்டின் மீதும் வெப்பமண்டல வெயில் காய்கிறது; இரண்டின் மீதும் தென்மேற்குப் பருவக்காற்று வீசுகிறது. ஆயினும், கடல்நீரில் உள்ள பச்சையத்தின் அளவைக் காட்டும் செயற்கைக்கோள் படங்களைப் பருவமழைக் காலத்தின் இறுதியில் பார்த்தால், அரபிக்கடலின் மேற்குப் பகுதியும் கேரளக் கரையோரமும் பசுமை படர்ந்து காணப்படுகின்றன. வங்காள விரிகுடாவின் நடுப்பகுதியோ பெரும்பாலும் நீலமாகவே இருக்கிறது.

இந்த வேறுபாட்டை உருவாக்குபவை, பெரும்பாலும் கண்ணுக்குப் புலப்படாத மிதவை உயிரிகள். நாட்டின் கடல் மீன்பிடிப்பில் மேற்குக் கரையின் பங்கு கூடுதலாக இருப்பதற்குக் கண்டத்திட்டின் அகலம், மீன்பிடிக் கலங்களின் எண்ணிக்கை எனப் பல காரணங்கள் உண்டு. ஆனால் அடிப்படைக் காரணங்களுள் ஒன்று இந்த உயிரிகளின் பரவல். உலகப் பெருங்கடல்களில் இவை எங்கு அடர்ந்துள்ளன, எங்கு அருகியுள்ளன, அதைத் தீர்மானிப்பவை எவை, கடல் வெப்பமடையும்போது எவை மாறும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

மிதவை உயிரிகள் என்றால் என்ன?

நீரோட்டத்தை எதிர்த்து நீந்த இயலாமல், அது கொண்டு செல்லும் திசையில் செல்லும் உயிரினங்கள் அனைத்தும் மிதவை உயிரிகள் ஆகும். ஆங்கிலத்தில் இவை பிளாங்க்டன் எனப்படுகின்றன. 'அலைந்து திரிவது' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து இப்பெயரை 1887-ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிவியலாளர் விக்டர் ஹென்சன் உருவாக்கினார்.

இவற்றை இரு பெரும் பிரிவுகளாகப் பிரிக்கலாம். சூரிய ஒளியைக் கொண்டு தமக்கான உணவைத் தாமே தயாரித்துக்கொள்பவை தாவர மிதவை உயிரிகள். அவற்றை உண்டு வாழ்பவை விலங்கு மிதவை உயிரிகள். சிறு இறால் போன்ற கிரில், கோப்பிபாட் எனப்படும் நுண் ஓட்டுடலிகள், மீன்களின் முட்டைகள், இளம் குஞ்சுகள் ஆகியவை இரண்டாம் பிரிவில் அடங்கும். மீட்டர் கணக்கில் நீளும் ஜெல்லி மீனும் இதே பிரிவைச் சேர்ந்ததுதான். உருவத்தின் அளவை வைத்து இவை வரையறுக்கப்படுவதில்லை.

பூமியில் ஒளிச்சேர்க்கை வழியாக ஆண்டுதோறும் உருவாகும் கரிமப் பொருளில் ஏறத்தாழ பாதி, கடலில் வாழும் தாவர மிதவை உயிரிகளால் உருவாக்கப்படுகிறது. ஆனால் உலகின் மொத்தத் தாவர எடையில் இவற்றின் பங்கு சுமார் 1 சதவீதம் மட்டுமே. பிறந்த சில நாட்களிலேயே உண்ணப்பட்டோ மடிந்தோ போவதும், மிக வேகமாகப் பெருகுவதுமே இந்த முரண்பாட்டிற்குக் காரணம்.

நாம் சுவாசிக்கும் ஆக்சிஜனில் பாதி கடலிலிருந்து வருகிறது என்று பரவலாகக் கூறப்படுவதுண்டு. ஆண்டு உற்பத்தியைப் பொறுத்தவரை அது ஏறத்தாழ சரியே. எனினும் அந்த ஆக்சிஜனில் மிகப் பெரும் பகுதி கடலுக்குள்ளேயே, உயிரினங்களின் சுவாசத்திலும் இறந்த உடல்கள் சிதைவதிலும் செலவாகிவிடுகிறது. மிதவை உயிரிகளின் உடனடி முக்கியத்துவம் கடலின் உணவுச் சங்கிலியிலும், காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கடல் உள்வாங்குவதிலும் உள்ளது.

வெயில் மிகுந்த கடல்கள் ஏன் வளம் குன்றியுள்ளன?

நிலத்தில் வெப்பமும் ஒளியும் மழையும் மிகுந்த இடங்களில் காடுகள் செழிக்கின்றன. கடலில் இக்கணக்கு பொருந்துவதில்லை. ஆண்டு முழுவதும் வெயில் காயும் வெப்பமண்டலப் பெருங்கடல்களின் நடுப்பகுதிகளே மிகக் குறைந்த மிதவை உயிரிகளைக் கொண்டுள்ளன. தென் பசிபிக் பெருங்கடலின் நடுப்பகுதி உலகின் மிகத் தெளிந்த கடல்நீரைக் கொண்டதாகக் கருதப்படுகிறது. உயிர்கள் குறைவாக இருப்பதே அந்தத் தெளிவுக்குக் காரணம். அறிவியலாளர்கள் இத்தகைய பகுதிகளைக் கடற்பாலைவனங்கள் என்றே அழைக்கின்றனர்.

தாவர மிதவை உயிரிகளுக்கு இரண்டு தேவைகள் உள்ளன. ஒன்று ஒளி; மற்றொன்று நைட்ரேட், பாஸ்பேட், சிலிக்கா, இரும்பு போன்ற ஊட்டச்சத்துகள். ஒளி மேலிருந்து வருகிறது. மிகத் தெளிந்த நீரிலும் சுமார் 200 மீட்டர் ஆழத்திற்குக் கீழே ஒளிச்சேர்க்கைக்குப் போதுமான ஒளி இருப்பதில்லை. கலங்கிய கரையோர நீரில் இந்த எல்லை சில பத்து மீட்டர்களுக்குள், சில இடங்களில் அதற்கும் குறைவாகவே அமைந்துவிடும்.

ஊட்டச்சத்துகளின் போக்கு இதற்கு நேர்மாறானது. மேலடுக்கில் வாழும் உயிரினங்கள் மடிந்தபின் அவற்றின் உடல்களும் கழிவுகளும் கீழே அமிழ்கின்றன. ஆழத்தில் அவற்றை நுண்ணுயிரிகள் சிதைக்கும்போது, அவற்றிலிருந்த சத்துகள் அங்குள்ள நீரில் கரைந்து சேர்கின்றன. இதன் விளைவாக, ஒளி உள்ள இடத்தில் சத்து தீர்ந்துபோகிறது. சத்து உள்ள இடத்தில் ஒளி இல்லை.

இவ்விரண்டும் எங்கு, எப்போது சந்திக்கின்றன என்பதே மிதவை உயிரிகளின் உலகளாவிய பரவலைப் பெரிதும் தீர்மானிக்கிறது. ஆழ்நீரை மேலே கொண்டுவரும் ஆற்றல் பெரும்பாலும் காற்றிடமும், நீரைக் குளிர்வித்துக் கனமாக்கும் பருவநிலையிடமும் உள்ளது.

நீரடுக்குகளின் பங்கு என்ன?

சூடான நீரும் உப்பு குறைந்த நீரும் அடர்த்தி குறைந்தவை. அவை குளிர்ந்த, உப்பு மிகுந்த நீரின் மீது தனி அடுக்காக மிதக்கின்றன. இந்த அடுக்கு வலுவாக அமைந்துவிட்டால், கீழேயுள்ள சத்து மிகுந்த நீர் மேலே வருவது தடைப்படுகிறது. வெப்பமண்டலக் கடல்களில் ஆண்டின் பெரும்பகுதி இந்நிலையே நீடிக்கிறது.

அதே நீரடுக்கு, குளிர்ந்த பகுதிகளில் வேறு விளைவைத் தருகிறது. வட அட்லாண்டிக் பெருங்கடலில் குளிர்காலப் புயல்கள் நீரை ஆழம் வரை கலக்குகின்றன. அதனால் மேலடுக்கு சத்துகளால் நிறைகிறது. ஆனால் அதே கலக்கம் நுண்ணுயிரிகளை ஒளி எட்டாத ஆழத்திற்கு இழுத்துச் செல்கிறது. வசந்த காலத்தில் வெயில் ஏறி, மேல்நீர் சூடாகித் தனி அடுக்காகப் பிரிந்ததும் அவை ஒளியிலேயே தங்குகின்றன. அப்போது கடல் சில வாரங்களில் பச்சையாக மாறுகிறது. இந்த வசந்தகாலப் பெருக்கத்திற்கான விளக்கத்தை 1953-ஆம் ஆண்டில் நார்வே கடலியலாளர் ஹரால்ட் ஸ்வெர்ட்ரப் முன்வைத்தார். அவரது கருத்தின் சில கூறுகள் இன்றும் விவாதிக்கப்படுகின்றன. எனினும், ஒளியையும் கலக்கத்தையும் சேர்த்தே கணக்கிட வேண்டும் என்ற அடிப்படை நிலைத்துள்ளது.

குளிர்ந்த கடலில் பற்றாக்குறையாக இருப்பது ஒளி. வெப்பக் கடலில் பற்றாக்குறையாக இருப்பது சத்து. எனவே, ஒரே அளவு வெப்ப உயர்வு இரு இடங்களிலும் ஒரே விளைவைத் தராது.

ஆழ்நீர் மேலெழும் கரைகள்

சில கடற்கரைகளில் காற்று கரைக்கு இணையாகத் தொடர்ந்து வீசுகிறது. பூமி தன்னைத்தானே சுற்றுவதால், காற்று தள்ளும் மேல்நீர் காற்றின் திசையிலேயே செல்வதில்லை. வடக்கு அரைக்கோளத்தில் வலப்புறமாகவும், தெற்கு அரைக்கோளத்தில் இடப்புறமாகவும் விலகிச் செல்கிறது. இவ்வாறு கரையோர நீர் ஆழ்கடலை நோக்கி விலகும்போது, அந்த இடத்தை நிரப்பக் குளிர்ந்த ஆழ்நீர் மேலெழுகிறது.

தென் அமெரிக்காவின் பெரு, வட அமெரிக்காவின் கலிபோர்னியா, ஆப்பிரிக்காவின் வடமேற்குக் கரை, தென்மேற்குக் கரை ஆகிய நான்கும் இத்தகைய பெரும் பகுதிகளாகும். மொத்தக் கடற்பரப்பில் 2 சதவீதத்திற்கும் குறைவாகவே இவை பரவியுள்ளன. ஆனால் உலகக் கடல் மீன்பிடிப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இப்பகுதிகளிலிருந்து கிடைக்கிறது.

இந்த ஏற்பாடு தடைப்பட்டால் என்ன நிகழும் என்பதற்குப் பெரு நாடு எடுத்துக்காட்டு. 1970-ஆம் ஆண்டில் அந்நாட்டின் நெத்திலி வகை மீன்பிடிப்பு 1.2 கோடி டன்னைக் கடந்திருந்தது. 1972-ஆம் ஆண்டில் உருவான எல் நினோ நிகழ்வால் பசிபிக் கடலின் சூடான நீர் பெருவின் கரையோரம் பரவியது. மேலெழுந்த நீரில் சத்து குறைந்தது. மிதவை உயிரிகள் சரிந்தன. ஏற்கெனவே அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டிருந்த மீன்வளம் இதையும் தாங்க இயலாமல் நொறுங்கியது. 1973-ஆம் ஆண்டில் மீன்பிடிப்பு 20 லட்சம் டன்னுக்கும் கீழே சென்றது.

அரபிக்கடலும் வங்காள விரிகுடாவும் வேறுபடுவது ஏன்?

அரபிக்கடலில் ஆண்டுக்கு இருமுறை மிதவை உயிரிகள் பெருகுகின்றன. முதலாவது, ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான தென்மேற்குப் பருவக்காற்றுக் காலம். சோமாலியா, ஓமன் கரைகளுக்கு இணையாக வீசும் வலுவான காற்று, மேல்நீரைக் கரையிலிருந்து விலக்கி ஆழ்நீரை மேலே கொண்டுவருகிறது. அக்காலத்தில் சோமாலியக் கரையோரக் கடல்நீரின் வெப்பநிலை சுமார் 20 டிகிரி செல்சியஸ் வரை குறைவதுண்டு. பூமத்திய ரேகைக்கு அருகிலுள்ள ஒரு கடலில் இது வியப்புக்குரிய குளிர்ச்சியாகும். கன்னியாகுமரி முதல் கேரளம், கர்நாடகம் வரையிலான கரையிலும் இதே காலத்தில் மிதமான அளவில் ஆழ்நீர் மேலெழுகிறது.

இரண்டாவது பெருக்கம் குளிர்காலத்தில், அரபிக்கடலின் வடபகுதியில் நிகழ்கிறது. வடகிழக்கிலிருந்து வரும் வறண்ட, குளிர்ந்த காற்று கடல்நீரை ஆவியாக்கிக் குளிர்விக்கிறது. மேல்நீர் உப்பு மிகுந்து கனமாகிக் கீழிறங்க, அடியிலுள்ள சத்து மிகுந்த நீர் அதனுடன் கலந்து மேலே வருகிறது.

வங்காள விரிகுடாவின் நிலை வேறு. கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி, மகாநதி, கோதாவரி ஆகிய ஆறுகள் இக்கடலில் பெருமளவு நன்னீரைக் கொண்டு சேர்க்கின்றன. ஆவியாகும் நீரைவிடப் பெய்யும் மழையும் அதிகம். இதனால் உப்பு குறைந்த மெல்லிய நீரடுக்கு ஒன்று, கடலின் மீது மூடிபோல் படர்கிறது. பருவக்காற்றுக்கும் இந்த மூடியைக் கலைக்கும் வலிமை பெரும்பாலும் போதுவதில்லை. ஆறுகள் கொண்டுவரும் சத்துகளின் பெரும்பகுதி கழிமுகங்களிலும் கரையோரத்திலும் தீர்ந்துவிடுகிறது. ஆற்று வண்டலும் நீண்டகால மேகமூட்டமும் நீருக்குள் செல்லும் ஒளியையும் குறைக்கின்றன.

விரிகுடாவில் இந்த மூடியை உடைப்பவை புயல்களும், ஆழ்நீரை மேலே இழுக்கும் பெருஞ்சுழல்களும் ஆகும். 1999 அக்டோபரில் ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலுக்குப் பின், அதன் பாதையிலிருந்து விலகியிருந்த சென்னைக் கடற்பகுதியிலும் மிதவை உயிரிகளின் உற்பத்தி உயர்ந்ததை இந்திய ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர். நிலத்தில் பேரழிவை ஏற்படுத்தும் புயல், கடலில் சில நாட்களுக்குச் சத்து வழங்கும் நிகழ்வாகவும் அமைகிறது.

சத்து இருந்தும் பெருகாத கடல்கள்

இந்தக் கணக்கு முழுமையானது எனில், நைட்ரேட் மிகுந்த கடல்கள் அனைத்தும் பசுமையாக இருக்க வேண்டும். ஆனால் அண்டார்டிகாவைச் சூழ்ந்த தென் பெருங்கடல், பசிபிக்கின் பூமத்திய ரேகைப் பகுதி, பசிபிக்கின் வடகோடி ஆகியவற்றில் நைட்ரேட் மிகுந்திருந்தும் மிதவை உயிரிகள் எதிர்பார்த்த அளவு பெருகுவதில்லை.

இரும்புச்சத்தின் பற்றாக்குறையே இதற்குக் காரணம் என்று 1980-களின் இறுதியில் அமெரிக்கக் கடலியலாளர் ஜான் மார்ட்டின் வாதிட்டார். கடலுக்கு இரும்பு பெரும்பாலும் நிலத்திலிருந்து காற்று கொண்டுவரும் புழுதி வழியாகக் கிடைக்கிறது. சஹாரா பாலைவனத்தின் புழுதி அட்லாண்டிக் கடலுக்கு இரும்பை அளிக்கிறது. பாலைவனங்களிலிருந்து வெகுதொலைவிலுள்ள தென் பெருங்கடலுக்கு அது போதிய அளவு எட்டுவதில்லை. 1993 முதல் நடத்தப்பட்ட கடல் சோதனைகளில் சிறிதளவு இரும்பைக் கரைத்ததும் மிதவை உயிரிகள் பெருகின. மார்ட்டினின் கருத்து உறுதியானது.

இந்த ஆய்வில் இந்தியாவுக்கும் பங்கு உண்டு. கோவாவிலுள்ள தேசிய கடலாராய்ச்சி நிறுவனமும் ஜெர்மனியின் ஆல்ஃப்ரட் வேகனர் நிறுவனமும் இணைந்து, 2009-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தென் பெருங்கடலில் 'லோஹாபெக்ஸ்' என்ற சோதனையை நடத்தின. இரும்பைக் குறிக்கும் 'லோஹா' என்ற இந்திச் சொல்லிலிருந்து இப்பெயர் வந்தது. 'போலார்ஸ்டெர்ன்' என்ற ஆய்வுக் கப்பலிலிருந்து, 300 சதுர கிலோமீட்டர் பரப்பில் 6 டன் கரைந்த இரும்பு கலக்கப்பட்டது. கடலில் இரும்பைக் கலப்பதற்குச் சுற்றுச்சூழல் அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்ததால், தொடங்கும் முன் இச்சோதனை சிறிது காலம் நிறுத்திவைக்கப்பட்டது.

இரும்பு கலந்ததும் தாவர மிதவை உயிரிகள் பெருகின. ஆனால் அந்தப் பெருக்கம் நீடிக்கவில்லை. கோப்பிபாட்கள் அவற்றை விரைந்து உண்டன. அப்பகுதியின் நீரில் சிலிக்கா குறைவாக இருந்ததால், சிலிக்கா ஓடு கொண்ட டயாட்டம் வகைகளும் பெருக இயலவில்லை. ஆழத்திற்குச் சென்ற கரிமத்தின் அளவு மிகச் சிறிதாகவே இருந்தது. கடலில் இரும்பைக் கலந்து காற்றிலுள்ள கரியமில வாயுவைக் குறைக்கலாம் என்ற எதிர்பார்ப்பின் வரம்பை இச்சோதனை வெளிப்படுத்தியது. ஒரு பற்றாக்குறையை நீக்கினால் அடுத்தது முன்னே வரும் என்பதும், உண்பவற்றின் எண்ணிக்கையும் பரவலைத் தீர்மானிக்கும் என்பதும் இதிலிருந்து கிடைத்த பாடங்கள்.

எந்த உயிரி எங்கு வாழ்கிறது?

மிதவை உயிரிகளின் மொத்த அளவைத் தீர்மானிப்பவற்றில் ஒளியும் சத்தும் முதன்மையானவை. எந்த இனம் எங்கு வாழ்கிறது என்பது வேறு வினா.

சத்து அருகிய வெப்பக் கடல்களில் மிகச் சிறிய உயிரிகள் வெல்கின்றன. புரோகுளோரோகாக்கஸ் என்ற நுண்ணுயிரி சுமார் 0.6 மைக்ரோமீட்டர் அளவே உடையது. உடல் சிறியதாக இருப்பதால், நீரில் உள்ள மிகக் குறைந்த சத்தையும் அதனால் திறம்பட உறிஞ்ச முடிகிறது. ஒளிச்சேர்க்கை செய்யும் உயிரினங்களில் உலகில் எண்ணிக்கை மிகுந்தது இதுவே. வடக்கு, தெற்கு 40 பாகை அட்சரேகைகளுக்கு இடையே பரவியுள்ள இந்த உயிரியை 1980-களில்தான் அறிவியல் உலகம் கண்டறிந்தது.

சத்து மிகுந்த, கொந்தளிப்பான நீரில் உருவில் பெரிய டயாட்டம்கள் வெல்கின்றன. இந்த வேறுபாடு மீன்வளத்தை நேரடியாகப் பாதிக்கிறது. டயாட்டம்களைக் கோப்பிபாட்களும் சிறு மீன்களும் நேரடியாக உண்ணலாம். மிக நுண்ணிய உயிரிகளிலிருந்து தொடங்கும் உணவுச் சங்கிலியில் இடையே கூடுதல் படிகள் உள்ளன. ஒவ்வொரு படியிலும் ஆற்றலின் பெரும்பகுதி இழக்கப்படுவதால், மீன்களைச் சென்றடைவது சிறிதளவே.

இனங்களின் பரவலில் வெப்பநிலையின் பங்கைத் 'தாரா' என்ற பாய்மர ஆய்வுக் கப்பலின் பயணம் தெளிவாக்கியது. 2009 முதல் 2013 வரை உலகப் பெருங்கடல்களில் 210 இடங்களிலிருந்து சுமார் 35,000 மாதிரிகள் சேகரிக்கப்பட்டன. ஒளி புகும் மேலடுக்கில் வாழும் நுண்ணுயிர்ச் சமூகங்களின் அமைப்பை விளக்குவதில், மற்றக் காரணிகளைவிட வெப்பநிலையே முதன்மையானது என்று 2015-இல் வெளியான முடிவுகள் காட்டின. இனங்களின் வகைமை பூமத்திய ரேகைக்கு அருகே மிகுந்தும், துருவங்களை நோக்கிக் குறைந்தும் செல்வதும் பின்னர் உறுதியானது.

நீரோட்டங்கள் உயிரிகளை உலகெங்கும் கொண்டு செல்கின்றன. ஆனால் சென்றடையும் இடத்தில் அவை பிழைக்குமா என்பதைச் சூழல்தான் முடிவு செய்கிறது. ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றி இந்தியப் பெருங்கடலின் நீர் பெருஞ்சுழல்களாக அட்லாண்டிக்கில் நுழைகிறது. அந்தச் சுழல்களில் பயணம் செய்யும் நீர் குளிர்ந்து, கலங்கி மாறும்போது, அதிலிருந்த மிதவை உயிரிகளின் சேர்க்கையும் மாறிவிடுவதைத் தாரா குழுவினர் கண்டறிந்தனர். கடலில் சுவர்கள் இல்லை எனினும், வெப்பநிலையும் வேதியியலும் எல்லைகளாகச் செயல்படுகின்றன.

மத்தி மீன் காட்டும் உண்மை

இக்காரணிகள் அனைத்தும் ஒன்றுசேர்ந்து மக்களின் வாழ்வாதாரத்தைத் தொடும் இடமாக, கேரளக் கரையின் மத்தி எனப்படும் எண்ணெய்ச் சாளை மீன்பிடிப்பு உள்ளது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையகம் தமிழகத்தின் மண்டபத்தில் இருந்த காலத்தில், 1955-ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் ஆர்.வி.நாயர், ஆர்.சுப்ரமணியன் ஆகியோர் ஒரு தொடர்பை வெளியிட்டனர். பிராகிலாரியா ஓஷியானிகா என்ற டயாட்டம் பெருகும் காலங்களில் மத்தியும் மிகுதியாகக் கிடைக்கிறது என்பதே அது. பருவக்காற்று ஆழ்நீரை மேலெழுப்ப, டயாட்டம் பெருகுகிறது. டயாட்டம் பெருக, மத்தி கரையை நெருங்குகிறது.

சங்கிலி குறுகியதாக இருப்பதால் அதன் ஏற்ற இறக்கமும் கடுமையானது. 2012-ஆம் ஆண்டில் கேரளத்தில் சுமார் 4 லட்சம் டன் மத்தி பிடிக்கப்பட்டது. 2021-ஆம் ஆண்டில் அது 3,297 டன்னாகச் சரிந்ததாக மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் தெரிவித்தது. பின்வந்த ஆண்டுகளில் மீண்டும் ஒரு லட்சம் டன்னைக் கடந்தது. கடல் வெப்பநிலை, எல் நினோவின் தாக்கம், பருவமழையின் போக்கு, மிகையான மீன்பிடிப்பு, சிறு குஞ்சுகளைப் பிடித்தல் எனப் பல காரணங்கள் இதில் பின்னியுள்ளன. படகு ஓட்டுபவர், வலை பின்னுபவர், மீன் விற்கும் பெண்கள், பனிக்கட்டி ஆலைத் தொழிலாளர்கள் என நீளும் வரிசையில் ஒவ்வொருவரின் ஆண்டு வருமானமும் இந்த ஏற்ற இறக்கத்தைச் சார்ந்துள்ளது.

கடல் வெப்பமடைந்தால் என்ன மாறும்?

மேல்நீர் சூடாகும்போது நீரடுக்குகள் வலுப்பெறுகின்றன. ஆழத்துச் சத்துகள் மேலே வருவது கடினமாகிறது. வெப்பமண்டலக் கடல்களைப் பொறுத்தவரை இதுவே முதன்மையான கவலை. மேற்கு இந்தியப் பெருங்கடலில் கடந்த அறுபது ஆண்டுகளில் தாவர மிதவை உயிரிகள் 20 சதவீதம் வரை குறைந்திருக்கலாம் என, புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ராக்ஸி மேத்யூ கோல் தலைமையிலான ஆய்வு 2016-இல் மதிப்பிட்டது.

இரண்டாவது மாற்றம் இடப்பெயர்வு. கப்பல்களின் பின்னே கட்டி இழுக்கப்படும் ஒரு பதிவுக் கருவி, வட அட்லாண்டிக்கில் 1931 முதல் மிதவை உயிரிகளைச் சேகரித்து வருகிறது. பிரிட்டிஷ் உயிரியலாளர் அலிஸ்டர் ஹார்டி வடிவமைத்த கருவி இது. சுமார் நாற்பது ஆண்டுகளில் வெப்பநீர்க் கோப்பிபாட் இனங்கள் ஏறத்தாழ 10 பாகை அட்சரேகை வடக்கே நகர்ந்துவிட்டதை இந்தப் பதிவுகள் 2002-இல் வெளிப்படுத்தின. வடகடலில் குளிர்நீர் இனம் ஒன்றின் இடத்தை வெப்பநீர் இனம் பிடித்தது. அது பெருகும் பருவமும் வேறு என்பதால், காட் மீன் குஞ்சுகளுக்கு உரிய நேரத்தில் உரிய உணவு கிடைக்கவில்லை.

மூன்றாவது மாற்றம், ஒரு வகையின் இடத்தில் வேறொரு வகை வருவது. வட அரபிக்கடலில் குளிர்காலத்தில் டயாட்டம்கள் பெருகுவது வழக்கம். 2000-களின் தொடக்கத்திலிருந்து அங்கு நாக்டிலூகா என்ற பச்சை நிற உயிரி பெருமளவில் பெருகி வருகிறது. தன் உடலுக்குள் குடியிருக்கும் பாசியின் உதவியால் ஒளிச்சேர்க்கையும் செய்துகொண்டு, டயாட்டம்களையும் உண்ணும் உயிரி இது. கோப்பிபாட்களுக்கு இது ஏற்ற உணவாக அமைவதில்லை. ஜெல்லி போன்ற உடல்கொண்ட சால்ப் உயிரிகளே இதைப் பெரிதும் உண்கின்றன. ஆக்சிஜன் குறைந்த நீர் மேலெழுவதே இப்பெருக்கத்திற்குக் காரணம் என்று ஒரு தரப்பு ஆய்வாளர்கள் கூறுகின்றனர். ஆக்சிஜன் குறையாத இடங்களிலும் இது பெருகுவதை மற்றொரு தரப்பினர் பதிவு செய்துள்ளனர்.

நாக்டிலூகா தமிழகத்திற்கும் புதிதல்ல. 2019 ஆகஸ்ட் மாதத்தில் சென்னைக் கடற்கரையில் இரவில் அலைகள் நீல நிறத்தில் ஒளிர்ந்ததற்கு இதுவே காரணம். அடுத்த மாதம் மன்னார் வளைகுடாவில் பாம்பன் அருகே கடல்நீர் பச்சையாக மாறி, மீன்கள் இறந்து ஒதுங்கியதற்கும் இதன் பெருக்கமே காரணமாகக் கூறப்பட்டது. நீரில் மிதவை உயிரிகள் மிகுந்திருப்பது எப்போதும் நன்மை என்று கருத இயலாது. எந்த வகை மிகுந்துள்ளது என்பதே முக்கியம்.

எவ்வாறு கண்காணிக்கப்படுகிறது?

பச்சையம் நீல ஒளியை உறிஞ்சுவதால், மிதவை உயிரிகள் மிகுந்த நீர் விண்வெளியிலிருந்து பச்சையாகத் தெரிகிறது. இந்தியா 1999 மே மாதத்தில் ஓஷன்சாட்-1 செயற்கைக்கோளையும், 2009-இல் ஓஷன்சாட்-2 செயற்கைக்கோளையும் ஏவியது. அவ்வரிசையில் அடுத்ததான இஓஎஸ்-06, 2022 நவம்பர் 26 அன்று பிஎஸ்எல்வி-சி54 ராக்கெட் மூலம் செலுத்தப்பட்டது. கடலின் நிறத்தை அளப்பது இவற்றின் முக்கியப் பணிகளுள் ஒன்று.

ஐதராபாத்தில் உள்ள இந்திய தேசிய கடல்சார் தகவல் சேவை மையம், கடல்நீரின் பச்சையம், வெப்பநிலை ஆகியவற்றைக் கொண்டு, மீன்கள் கூடும் வாய்ப்புள்ள பகுதிகளைக் கணித்து மீனவர்களுக்கு அறிவித்து வருகிறது. குளிர்ந்த நீரும் சூடான நீரும் சந்திக்கும் விளிம்புகளில் மிதவை உயிரிகள் திரள்கின்றன. அவற்றைத் தேடி மீன்களும் வருகின்றன என்பதே இந்தக் கணிப்பின் அடிப்படை. மீன்களைத் தேடி அலையும் நேரத்தையும் டீசல் செலவையும் குறைப்பதே இதன் பயன்.

செயற்கைக்கோள்களுக்கும் வரம்புகள் உள்ளன. அவை கடலின் மேற்பகுதியை மட்டுமே காண்கின்றன. மேகம் சூழ்ந்த நாட்களில் அதுவும் இயலாது. அரபிக்கடலில் மிதவை உயிரிகள் பெருகும் பருவமழைக் காலமே மேகம் மிகுந்த காலமும் ஆகும். எனவே ஆய்வுக் கப்பல்களும், கடலுக்குள் ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழம் வரை இறங்கி ஏறும் தானியங்கி மிதவைக் கருவிகளும் இன்றும் தேவைப்படுகின்றன.

கடலின் நிறம் மாறுவதைக் கொண்டு மட்டும் அவசர முடிவுகளுக்கு வருவதும் சரியாகாது. 2002 முதல் 2022 வரையிலான செயற்கைக்கோள் பதிவுகளை ஆராய்ந்த ஒரு பன்னாட்டுக் குழு, உலகப் பெருங்கடல்களின் 56 சதவீதப் பரப்பில் நிறம் மாறியுள்ளதாக 2023-இல் தெரிவித்தது. பூமத்திய ரேகையை ஒட்டிய கடல்கள் காலப்போக்கில் கூடுதல் பசுமை அடைந்துள்ளன. இதனை மிதவை உயிரிகளின் அதிகரிப்பு என்று நேரடியாகக் கொள்ள முடியாது. உயிரிகளின் வகை மாறியிருப்பதையும் இது குறிக்கலாம்.

அடுத்து என்ன?

மேற்குக் கரையில் ஆண்டுதோறும் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையிலும், கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலும் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை விதிக்கப்படுகிறது. பல மீன் இனங்களின் இனப்பெருக்கத்தைக் கருத்தில் கொண்டு இந்நாட்கள் வகுக்கப்பட்டுள்ளன. மீன் குஞ்சுகள் முட்டையிலிருந்து வெளிவரும் நாட்களும் மிதவை உயிரிகள் பெருகும் நாட்களும் பொருந்தி வந்தால் மட்டுமே அவற்றுக்கு உணவு கிடைக்கும். கடல் வெப்பமடைந்து, பருவக்காற்றின் வலிமையும் காலமும் மாறினால், இந்தப் பொருத்தம் தவறக்கூடும். வட அட்லாண்டிக்கில் காட் மீனுக்கு அதுவே நேர்ந்தது.

மிதவை உயிரிகளின் இருப்பிடத்தைக் காற்று, நீரோட்டம், ஆறு, புழுதி, வெப்பம் ஆகியவை சேர்ந்து வரைகின்றன. இவற்றில் எதையும் மீனவரோ மீன்வளத் துறையோ கட்டுப்படுத்த இயலாது. எவ்வளவு பிடிப்பது, எப்போது பிடிப்பது, குஞ்சுகளை விட்டுவைப்பதா என்பவை மட்டுமே மனிதர் கையில் உள்ளன. பெருவின் நெத்திலி சரிந்தபோது கடல் சூடானதும், அதற்கு முன் அளவுக்கு மீறிப் பிடித்ததும் ஒருசேர நிகழ்ந்தன. மத்தி மீன்வளத்தைப் பொறுத்தவரையும் கடலைத் தொடர்ந்து அளந்து, அந்த அளவீட்டுக்கு ஏற்ப மீன்பிடிப்பை ஒழுங்குபடுத்துவதே தற்போது உள்ள வழி.